தரையில் போல்ட் போட்ட கட்டில்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள் இரண்டுக்குக் கூரை போட்டவன் நான். எத்தனையோ புயல் வந்து போய்விட்டது, ஒரு தகடு பறந்ததில்லை. தென்னை மரத்தைப் போல மூன்று மடங்கு உயரம் உள்ள புகைபோக்கி ஒன்றை நட்டுவைத்தேன். சோழவரம் பக்கம் அரிசி ஆலைக்குத் தவிட்டுத் தொட்டி, ஆரணியில் கல்யாண மண்டபத்துக்கு மயில் வைத்த கேட், நெடுஞ்சாலை ஓரம் லாரி எடை போடும் மேடை, தண்ணீர்த் தொட்டிக்கு ஏணி, மாடிப்படி, சுழல்படி என்று செய்தது இன்னும் எவ்வளவோ. படிப்பு ஐந்தாவது. அதுவும் முழு ஐந்தாவது இல்லை. அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்றுக்கட்டு சுமந்தவர். அந்த நிலத்தின் மேல் கம்பெனி வந்தது, அந்தக் கம்பெனிக்கே நான் கூரை போட்டேன். இன்ஜினியர்கள் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். நான் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, வெட்டி, ஒட்டி, நிமிர்த்திவிட்டு டீக்கடைக்குப் போயிருப்பேன். கைகொடுக்க ஒரு ஆள் கிடையாது. எல்லாம் இந்தக் கைதான்.

இத்தனை கட்டியதில் ஒன்றே ஒன்றைத்தான் நானே அறுத்தேன். அது ஒரு கட்டில். என் மனைவி படுப்பதற்காகச் செய்தது. அந்தக் கட்டிலைப் பற்றி இப்போது வேறு விதமாக அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வெல்டிங் வெளிச்சத்தையே பார்த்துப் பார்த்துப் போன கண். ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆகிறது. ஆகட்டும்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் அவள் கடை. நாஷ்டா கடை. இட்லி, வடகறி, பூரி. எதிரில்தான் கம்பெனி பஸ்கள் நிற்கும். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் இரவு ஷிப்டு முடித்து இறங்குகிறவர்களும் அவள் கடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இறங்குகிறவன் தூங்கிக்கொண்டே தின்பான். ஏறுகிறவன் நின்றுகொண்டே தின்பான். வடக்கிலிருந்து வந்த பையன்கள்கூட மாமியா மாமியா என்று கூப்பிட்டு வடகறி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். கடைக்கு இரும்பு ஷட்டர், இரண்டு பெஞ்சு, அடுப்பு மேடை, எல்லாம் என் கைவேலை. ஆனால் அங்கே என்னை யாருக்கும் தெரியாது. "மாமியோட ஊட்டுக்காரரா நீங்க?" என்று கேட்பார்கள். எனக்குக் கோபமாக வரும்.

அவளுக்கு வந்தது கர்ப்பப்பை வாயில் புற்று. ரத்தப்போக்கை அவள் ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்தான். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்டு வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். பிறகு முதுகெலும்புக்குப் போய்விட்டது. ஒரு நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை, உங்கள் பக்கத்திலேயே அதற்கு ஒரு குழு இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் கேட்டேன், இவ்வளவு பெரிய கட்டடத்தில் இதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லையா என்று. இல்லை என்றார். அந்தக் கட்டடத்தின் தூண்களைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு காரியம் செய்தேன். முதல் காரியம், ஷட்டரை இறக்கிவிட்டேன். தெருவில் கேட்டவர்களிடம் முதுகெலும்புத் தேய்மானம் என்றேன். எங்கள் பக்கத்தில் அந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதிலும் அந்த இடத்தில் வந்தது என்றால் பேச்சு வேறு எங்கேயோ போகும். ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அவள் கையால் இத்தனை வருஷம் தின்றவர்கள் அப்படி ஒரு பேச்சு பேசினால் நான் தாங்க மாட்டேன். பொதட்டூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கும் எங்கள் மகளிடம்கூட, யார் கேட்டாலும் தேய்மானம் என்று சொல் என்று சொல்லிவைத்தேன்.

இரண்டாவது காரியம்தான் கட்டில். அவளால் மட்டமாகப் படுக்க முடியவில்லை, மூச்சு முட்டியது. தலைப்பக்கம் தூக்க வேண்டும், கால் பக்கம் தனியாகத் தூக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கும் என்றார்கள். கொண்டுவந்து காட்டினார்கள். தட்டிப் பார்த்தேன். மெல்லிய குழாய், ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. எடுத்துப் போ என்றேன். பெரிய பெரிய ஆலைக்குக் கூரை போட்டவன் பெண்டாட்டி இதிலா படுப்பாள்?

வீட்டின் பின்னறை ஏசி போட்ட அறை. தெருச் சத்தம் வராது. அங்கே சதுரக் குழாயை அடுக்கிவைத்து, சைட் வேலை செய்வது போல அந்த இடத்திலேயே நின்று ஒட்டினேன். லாரி ஜாக்கி இரண்டைப் பிரித்து, கால்மாட்டில் கைப்பிடி வைத்தேன். சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும். பக்கத்துக்குக் கிராதி. கடைசியாக, எங்கள் தொழிலில் எந்த மெஷினை நிறுத்தினாலும் செய்கிற காரியத்தைச் செய்தேன். தரையைத் துளைத்து, நான்கு காலுக்கும் ஆங்கர் போல்ட் இறக்கி, பசை ஊற்றி இறுக்கினேன். என் வேலை எதுவும் ஆடக் கூடாது. சுவரோடு சுவராக ஒட்டிவைத்தேன். அவளைத் தூக்கிப் படுக்கவைத்ததும், "ஆடுதா?" என்று கேட்டேன்.

"ஆடல," என்றாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வேறு பக்கம் திரும்ப வழியும் இல்லை.

குழுவிலிருந்து வாரம் இரண்டு முறை நர்ஸ் வருவாள். ஸ்கூட்டரில், முதுகில் பையோடு. நாற்பது வயதிருக்கும், பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது. கூட ஒரு ஆள் வருவார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவுக்கு ஒத்தாசையாகக் காற்று மெத்தை தூக்குவது, நோயாளியைத் திருப்பிப் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. என் வயதுதான். ஆனால் ஆந்திரா எல்லை பஸ்ஸில் போய்வந்த பழக்கம், எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

நர்ஸ் முதல் நாள் வந்து கட்டிலைச் சுற்றிப் பார்க்கப் போனாள். சுற்ற முடியவில்லை. சுவர். குனிந்து கீழே பார்த்தாள்.

"இன்னா ஐயா, தரையில போல்ட்டு போட்டு வச்சிருக்கீங்க?"

"ஆடக் கூடாதில்ல."

"அம்மா இன்னா மோட்டாரா, ஆடறதுக்கு? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும். ஒருத்தர் இந்தாண்ட, ஒருத்தர் அந்தாண்ட நிக்கணும். அந்தாண்ட நான் எங்க நிக்கறது, சுவத்துக்குள்ளயா?"

கண்டக்டர் கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நைனா, இது ரோடு ரோலரு. ஊடு இடிஞ்சாகூட இது நிக்கும்," என்றார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நர்ஸ் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தாள். வலி மாத்திரையை வலி வந்த பிறகு கொடுக்கக் கூடாது, மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். பஞ்சை நனைத்து வாயைத் துடைக்க வேண்டும். கெட்ட வாடை வந்தால், அதற்கென்று கொடுத்த மாத்திரையைப் பொடித்துத் துணியில் வைக்க வேண்டும். இந்தக் கையால் நான் அதையெல்லாம் செய்தேன். மகள் வாரம் ஒரு நாள் வருவாள். மற்ற ஆறு நாளும் நான்தான். திருப்பும்போது அந்தப் பக்கம் ஆள் நிற்க இடமில்லாததால், நானே கட்டில்மேல் முட்டி போட்டு ஏறித் திருப்புவேன். என் முட்டி போனது அதில்தான். போல்ட்டைக் கழற்றிவிடலாம் என்று மட்டும் தோன்றவில்லை. போட்ட போல்ட்டைக் கழற்றுகிற பழக்கம் எனக்கில்லை.

இரண்டாவது வாரம் அவள் நர்ஸிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, நர்ஸிடம்தான். நான் வாசலில் நின்று கேட்டேன்.

"என்னிய முன்னால போடச் சொல்லும்மா. என் கடையில. ஷட்டர தூக்கிட்டு."

"ஐயா கிட்ட சொல்றதுதான?"

"அவரு போல்ட்டு போட்டுக்கீறாரு."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே வந்து, முன்னால் புழுதி, பஸ் புகை, சத்தம், ஏசி கிடையாது, முடியாது என்றேன். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அத்தினி வருசம் அந்தப் பொகையிலதான வெந்தேன். அப்ப இன்னா ஏசியா இருந்திச்சி? சுவத்த பாத்துக்கினு போறதுக்கா நான் அவ்ளோ பேருக்கு ஆக்கிப் போட்டேன்?"

நர்ஸ் பை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என்னிடம் மெதுவாக, "ஐயா, ரொம்ப நாள் இல்ல. மூணு வாரம், நாலு வாரம். யோசிங்க," என்றாள். வற்புறுத்தவில்லை. குழுவில் யாருமே வற்புறுத்தவில்லை, அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

நான் யோசித்தது இதுதான். ஷட்டரைத் தூக்கினால் எல்லாரும் பார்ப்பார்கள். குண்டு முகம், பெரிய பொட்டு, பஸ் டிரைவரையே அதட்டும் குரல், அப்படி அவளைப் பார்த்தவர்கள் இப்போது இதைப் பார்ப்பார்கள். வாடை வரும். கேட்பார்கள். தேய்மானம் என்ற பேச்சு பொய்யாகிவிடும். இதையெல்லாம் அவளுக்காகத்தான் யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை, பஸ் ஹாரன் அடித்து நின்ற நேரம். யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். நான் முன்னால் போனேன். ஷட்டரைத் தூக்காமலே யார் என்றேன்.

"மாமி கடை எப்ப தொறப்பாங்க? ஒரு மாசமா மூடிக் கீது. மாமி எங்க?"

குரல் தெரிந்த குரல்தான், ஷிப்டுக்குப் போகிற ஒரு பெண். நான் வாயில் வந்ததைச் சொன்னேன். "ஊருல இல்லம்மா. பொண்ணு ஊட்டுக்குப் போயிக்கீறாங்க. பொதட்டூர்பேட்டைக்கு."

"நல்லாக் கீறாங்களா?"

"நல்லாக் கீறாங்க."

பஸ் போய்விட்டது. காபி எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அவள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். ஏசி அறைக்குத் தெருச் சத்தம் வராது என்று நான் நினைத்திருந்தேன். என் குரல் வரும் என்று நினைக்கவில்லை. இரைச்சலில் நின்று கத்திக் கத்திப் பேசிய தொண்டை.

கப்பை நீட்டினேன். வாங்கவில்லை.

"இன்னாடி, குடி."

"நான் இங்க இல்லியே."

"இன்னா பேசற?"

"பொதட்டூர்பேட்டைல கீறேன். நல்லாக் கீறேன்."

அன்று முழுக்க அப்படித்தான். மாத்திரை கொடுக்கப் போனால், "பஸ்ஸுல குடுத்தனுப்பு, திருத்தணில மாத்தி ஏறச் சொல்லு." கஞ்சி கொடுக்கப் போனால், "பொண்ணு ஊட்டுல துன்ட்டேன்." வாயைத் துடைக்கப் பஞ்சை எடுத்தால் பல்லை இறுக்கிக்கொண்டாள். சாயங்காலம் மாத்திரைக்கு மணி தப்பிவிட்டது. வலி வந்து உடம்பு வில்லாக வளைந்தது. அப்போதுகூட அவள், "அங்க எனக்கு வலியில்ல," என்றாள். சிரிக்க வேறு செய்தாள். மாத்திரையை நான் கையில் வைத்துக்கொண்டு, "முன்னால போடறேன். நாளைக்கே போடறேன். வாயத் தொற," என்றேன்.

வாயைத் திறந்தாள்.

மறுநாள் நர்ஸும் கண்டக்டரும் வரும் நாள். அவர்கள் வருவதற்கு முன்பே ஷட்டரைத் தூக்கிவிட்டேன். எண்ணெய் போடாமல் கிடந்தது, போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. கடை பெஞ்சு இரண்டையும் சேர்த்துப் போட்டு, கண்டக்டர் காற்று மெத்தையை விரித்தார். நர்ஸ் வலி மாத்திரை கொடுத்து, அது பிடிக்கும்வரை காத்திருக்கச் சொன்னாள். பிறகு நான் தூக்கினேன். கண்டக்டர் கால்பக்கம் பிடிக்க வந்தார், வேண்டாம் என்றேன்.

இரும்பைப் பார்த்தாலே எடை சொல்லுவேன். எடை மேடைக்காரன் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறான். அன்று கணக்குத் தப்பிவிட்டது. என் கை அவளுடைய பழைய கனத்துக்குத் தயாராக இருந்தது. எடுத்த வேகத்தில் பின்னால் சாய்ந்து, தோள் கதவில் இடித்தது. கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

"மெதுவாய்யா. இன்னா அவசரம், பஸ்ஸு பூடுமா?" என்றாள்.

அவளைப் பெஞ்சில் விட்டுவிட்டு, நான் பின்னறைக்குப் போனேன். பெஞ்சு மட்டம், அதில் அவளால் ரொம்ப நேரம் மூச்சு விட முடியாது. சாயங்காலத்துக்குள் கட்டில் முன்னால் வர வேண்டும். நட்டைக் கழற்றப் பார்த்தேன், அசையவில்லை. நான் ஊற்றிய பசை, வருமா? கிரைண்டரை எடுத்து நான்கையும் தரையோடு அறுத்தேன். கட்டில் வாசலில் நுழையவில்லை. ஜாக்கிச் சட்டமும் கிராதியும் சேர்ந்து, படுக்கப் போட்டாலும் நுழையாது, நிமிர்த்தினாலும் நுழையாது. அந்த வாசலை அளந்து வைத்தவனும் நான்தான். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "நைனா, வாசல இடிச்சிடலாமா?" என்றார்.

கட்டிலைத்தான் அறுத்தேன். நான் வைத்த வெல்டிங் எல்லாவற்றையும் அறுத்தேன். தலைப்பக்கம் ஒன்று, நடுப்பக்கம் ஒன்று, கால்பக்கம் ஒன்று. குழாய்க்குள் நுழைகிற அளவுக் குழாயை உள்ளே செருகி, துளை போட்டு, கையால் போட்டு கையால் எடுக்கிற இரும்பு ஊசி வைத்தேன். ஸ்பானர் வேண்டாம், பலம் வேண்டாம். இதற்கு எந்த வரைபடமும் கிடையாது. பின்னறைத் தரையில் சாக்பீஸ் கோடுதான். முன்னால் அவள் மூச்சு இழுப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. நர்ஸ் அவளைத் தன் மார்பில் சாய்த்து உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சோறு யாரும் சாப்பிடவில்லை. வெயில் இறங்குவதற்குள் மூன்று துண்டும் முன்னறைக்குப் போய், பூட்டி, அவள் ஏறிவிட்டாள். இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் விட்டு, முகம் தெருவைப் பார்க்க.

அப்போது சாயங்கால ஷிப்டு பஸ் வந்தது.

இறங்கினவர்கள் நின்றார்கள். யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. முந்தின நாள் காலையில் ஷட்டரைத் தட்டிய அதே பெண்தான் முதலில் கிட்டே வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"மாமி, பொதட்டூர்பேட்டைல இருந்து எப்ப வந்தீங்க?"

"இப்பதான் எறங்கினேன்," என்றாள் என் மனைவி.

"இன்னா மாமி, இப்டி ஆயிட்டீங்க? இன்னா ஒடம்புக்கு?"

நான் ஊசியும் கையுமாகக் கால்மாட்டில் நின்றிருந்தேன். தேய்மானம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கேன்சரு. கர்ப்பப்பைல. நீயும் போயி பாத்துக்கினு வா, ரத்தம் பட்டா மறைக்காத. நான் மறைச்சேன்." பிறகு அவள் குரல் மாறியது. "நாஷ்டா எங்க துன்றீங்க எல்லாம்?"

பதினேழு நாள் அப்படி இருந்தாள். சிலர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எதிர் வரிசையில் ஒரு வீட்டுக்காரி எங்கள் ஷட்டர் தூக்கியிருக்கும் வரை தன் ஜன்னலைத் திறக்கவில்லை. ஆனால் வந்தவர்கள்தான் நிறையப் பேர். வடக்கத்திப் பையன் ஒருவன் தினமும் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்து, நின்று, ஒன்றும் பேசத் தெரியாமல் போவான். பஸ் டிரைவர் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டு கையைக் காட்டுவார். அவள் கையைத் தூக்க முடியாமல் விரலைத் தூக்குவாள். வாடை வந்தது. பொடி வைத்தேன். நான் பயந்த மாதிரி யாரும் மூக்கைப் பொத்தவில்லை, அல்லது பொத்தியதை நான் பார்க்கவில்லை. மகள் வந்து பார்த்துவிட்டு, "இன்னா நைனா, அம்மாவ ரோட்டுல போட்டு வச்சிக்கீற," என்று அழுதாள். அவள் அம்மாதான், "நான்தான்டி போடச் சொன்னேன்," என்றாள்.

பதினேழாம் நாள் காலை, தலைப்பக்கத்தை இறக்கச் சொன்னாள். கைப்பிடியை ஒன்பது சுற்று சுற்றினேன். போதும் என்றாள். பஸ் வந்தது, ஏறினார்கள், போயிற்று. அதற்குப் பிறகுதான்.

காரியம் எல்லாம் முடிந்ததும் நர்ஸ் வந்தாள். ஆரணியில் ஒருவர், மாடியில் குடியிருக்கிறார், படி ரொம்ப ஒடுக்கம், வாடகைக் கட்டில் ஏறவில்லை, உங்கள் கட்டில் மூன்று துண்டாக ஏறுமே என்றாள். கொடுத்தேன். நானே போய்ப் பூட்டினேன். மூன்று வாரம் கழித்து நானே போய்க் கழற்றினேன். அப்படி ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பதினொரு கட்டில் செய்திருக்கிறேன். குழாயை மெலிதாக்கினேன், ஆடாமலும் வைத்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் வரை எந்த ஊரில் எந்த வீட்டு வாசல் எத்தனை அகலம் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

அலுத்துவிட்டது, உண்மையைச் சொன்னால். கட்டில் ஏற்றிய ஆட்டோ தெருவில் நுழைந்தாலே பேச்சு நின்றுவிடும். பூட்டும்போது வீட்டில் உள்ளவர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். கழற்றும்போது யாரும் அறைக்குள் வருவதில்லை. நானும் கண்டக்டரும் ஊசியை உருவி, துண்டுகளைத் துடைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கி வருவோம். அவருக்கும் மூச்சு வாங்குகிறது. "நைனா, கடைசி ஸ்டாப்புக்கு நாமளே ஏத்தி உட்டுக்கினு கீறோம்," என்பார் முன்பெல்லாம். இப்போது அதையும் சொல்வதில்லை.

பாதி வீடுகளில் கட்டிலைப் பின்னறையில்தான் பூட்டச் சொல்வார்கள். "யாராவது கேட்டா இடுப்பு வலின்னு சொல்லுங்க," என்பார்கள். நெல் வயல் வைத்திருக்கிற ஒரு பெரிய குடும்பத்தில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில் அவர்கள் அப்பாவுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். நான் அவர்களைத் திட்டவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை? முன்னால் போடலாமா என்று அவரையே ஒரு வார்த்தை கேளுங்கள் என்பேன். கேட்பவர்கள் உண்டு. கேட்காத வீட்டில் அவர்கள் சொன்ன இடத்தில் பூட்டிவிட்டு வருவேன். சுவரை ஒட்டி மட்டும் பூட்ட மாட்டேன். அதில் நான் யார் சொல்லியும் கேட்பதில்லை.

இப்போது இந்த நோட்டீஸ் விஷயம். குழுவின் வருஷக் கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. வாசலில் எல்லாருக்கும் நோட்டீஸ் கொடுத்தார்கள். வழவழப்பான தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு பெண் நோயாளி பின்னறையில் அடைபட்டுக் கிடந்தாராம். குழுவினர் குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைத்து, அவரை அவருடைய கடைக்குக் கொண்டுவந்து கடைசி விருப்பத்தை நிறைவேற்றினார்களாம். குழுவின் முயற்சியில் பிறந்ததாம் மூன்று துண்டுக் கட்டில். பெயர் போடவில்லை. ஆனால் பஸ் நிற்கும் இடம், நாஷ்டா கடை என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

எழுதியவர் ஓய்வு பெற்ற வாத்தியார், நல்ல மனிதர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"எல்லாரும் சேர்ந்து செஞ்சதுதானே ஐயா. தனி ஆளு பேரு போடறதில்லன்னு நம்ம வழக்கம்," என்றார்.

"பேரு யாரு கேட்டது? செஞ்சத கேக்கறேன்."

கண்டக்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உடு நைனா. இதுக்குப் போயி பேஜாரு பண்ணாத. சோறு ஆறுது."

"நீ அன்னிக்கி கூட இருந்த. நீ சொல்லு. யாரு எனக்கு எடுத்துச் சொன்னது?"

அவர் என் சட்டையை விட்டார். பிறகு வாத்தியாரிடம், "யாரும் சொல்லல சார். நாங்க போறப்பவே ஷட்டரு தூக்கிக் கெடந்திச்சி," என்றார்.

நர்ஸும் அதையேதான் சொன்னாள். வாத்தியார் தலையாட்டிவிட்டு, அடுத்த முறை பார்க்கலாம் என்று போய்விட்டார்.

அடுத்த முறை நான் இருப்பேனோ என்னவோ. அதனால் இங்கேயே எழுதிவைக்கிறேன். பின்னறைத் தரையில் அந்த நான்கு போல்ட் இன்னும் இருக்கிறது. அறுத்த இடம் தரையோடு தரையாக வரவில்லை, கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது. தினமும் கால் தட்டும். தேய்த்துவிட என்னிடம் கிரைண்டர் இருக்கிறது. தேய்க்கவில்லை. நம்பாதவர்கள் வந்து பார்க்கட்டும்.

நர்ஸ் செய்ததை நர்ஸ் பேரில் எழுதுங்கள். வலியை அடக்கியவள் அவள், அன்று மத்தியானம் முழுக்க மார்பில் சாய்த்துப் பிடித்தவள் அவள். கண்டக்டர் தூக்கியதை அவர் பேரில் எழுதுங்கள். மிச்சத்தை என் பேரில் எழுத வேண்டும். பெயர் வேண்டாம், இந்த ஊர் வெல்டர் ஒருவன் என்று போட்டால் போதும். அவளைச் சுவரைப் பார்க்கப் படுக்கவைத்துத் தரையில் போல்ட் போட்டவன் அவன். ஊரில் இல்லை என்று அவள் காதில் விழச் சொன்னவனும் அவன்தான். அவள் ஒரு நாள் முழுக்கப் பொதட்டூர்பேட்டையில் இருந்து அவனை வழிக்குக் கொண்டுவந்தாள், வேறு யாரும் கொண்டுவரவில்லை. பிறகு அறுத்தவன் அவன், மூன்று துண்டாக்கியவன் அவன், தூக்கிக்கொண்டு வந்தவன் அவன். இவ்வளவையும் போட வேண்டும். போல்ட் போட்டதை மட்டும் விட்டுவிடலாம் என்று வாத்தியார் சொல்லக்கூடும். அதையும் விடக் கூடாது. அதுவும் என் வேலை.